கிணற்றில் நட்ட சிவப்புக் கொடி

எண்ணெய்க் கிணற்றின் கழிவுநீரைக் கொண்டுபோகும் குழாய் சுழியனூர்ச் சாலையோரமாக வந்து படுத்த நாளிலிருந்து பிலோமினாவுக்குத் தூக்கம் போயிற்று. குழாயை ஒட்டித்தான் அவள் வீட்டுக் கிணறு. அந்த உப்புத் தண்ணீர் கசிந்து கிணற்றில் இறங்கிவிட்டால் கைக்குழந்தைக்கு எதைக் காய்ச்சிக் கொடுப்பாள்?

அதிகாரி ஜீப்பில் வந்து சட்டத்தைச் சொன்னார். சாலையோரம் எங்கே ஈரம் தெரிந்தாலும் சிவப்புக் கொடி நட வேண்டும். கொடி உள்ள இடத்தில் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது. ஈரம் காய்ந்தால்தான் கொடியைப் பிடுங்கலாம்.

ஊர்த்தலைவர் சவரியப்பரும், பிலோமினாவின் புருஷன் இஞ்ஞாசியும், சைக்கிள் கடை மாசிலாமணியும் கொடிகளோடு கிளம்பினார்கள். குளத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், ஈரம். நட்டார்கள். எருமையின் மூக்கும் ஈரமாயிருந்ததால் கொம்பில் ஒன்று கட்டினார்கள். கடைசியில் பிலோமினாவின் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள்.

"உள்ள ஈரமாட்டம் தெரியுதே," என்றார் சவரியப்பர்.

"கிணத்துல இருக்கத்தானே செய்யும் பெரியப்பா?"

"எப்பலேர்ந்து?"

"நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து."

"அம்புட்டு நாளாவா கசியுது? ஏம்மா சொல்லல?"

பிலோமினா கிணற்றை மறித்து நின்றாள். கட்டின புருஷனே கொடியை நட்டான். குழந்தை தாகத்துக்கு என்ன செய்யும் என்று அவள் அழ, மாசிலாமணி வெகுநேரம் யோசித்து வழி சொன்னான். கிணற்றைக் காயவைத்துவிட்டால் கொடியை எடுத்துவிடலாம், அப்புறம் அவள் வேண்டிய மட்டும் இறைத்துக்கொள்ளலாம்.

எல்லாரையும்விட வேகமாக இறைத்தவள் பிலோமினாதான். தண்ணீரையெல்லாம் சாலையில் கொட்டினார்கள். கிணறு காய்ந்தது. கொடி வெளியே வந்தது. சாலை நனைந்துவிட்டதால் அதன் நட்டநடுவில் வரிசையாகக் கொடி ஏறியது. பஸ் நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் அதிகாரியின் ஜீப்பும் நின்றது.

"குழாய் எங்கேய்யா கசியுது?"

"ஊர்ல அது ஒண்ணுதான் சார் காஞ்சு கெடக்கு," என்றான் இஞ்ஞாசி.

அதிகாரி தலையைப் பிடித்துக்கொண்டு கிணற்றை எட்டிப் பார்த்தார். ஊற்று மறுபடி சுரந்துகொண்டிருந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்து, நல்ல தண்ணீர், பயப்படாதே என்றார். பிலோமினாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குழந்தையை அள்ளி இடுப்பில் வைத்தாள். இடுப்பு நனைந்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"சார், இவனும் ராவும் பகலும் கசியிறான். துணி மாத்தி மாத்திப் பாத்துட்டேன், நிக்கல."

அதிகாரி ஜீப்பில் ஏறியபடியே சொன்னார்: "புது லைன்மா. சரியாகறதுக்கு ரெண்டு வருஷம் ஆகும்."

சவரியப்பர் கடைசிக் கொடியை எடுத்துக் குழந்தையின் அரைஞாண் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

"அதுவரைக்கும் இவன்கிட்ட யாரும் தண்ணி எடுக்கக் கூடாது," என்றார்.