படுக்கையறையில் டுரியான்

பினாங்குத் தீவுக்குப் புதிதாக வந்த தோட்டத் துரை, கூலிகளின் பிள்ளைகள் ரம்புத்தான் பொறுக்கித் தின்பதைக் கண்டு சீறினார். "இனி ஒரு பழமும் உங்களுக்குக் கிடையாது. பழுத்ததெல்லாம் என் படுக்கையறைக்கு வரவேண்டும்!"

பிள்ளைகள் அழுதார்கள். பங்களா வேலைக்காரி பவுனாயி மட்டும், "உத்தரவு துரை" என்றாள்.

முள்தோலும் கடும் வாடையும் கொண்ட டுரியான் பழத்தைத் துரை கண்டதே இல்லை. பவுனாயி அதைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து அவர் கட்டிலைச் சுற்றி அடுக்கி, சன்னலையும் இறுகச் சாத்தினாள்.

சாயங்காலம் கதவைத் திறந்த துரை, மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார். "உள்ளே என்ன செத்துக் கிடக்கிறது?"

"பழந்தாங்க துரை. இன்னும் ரெண்டு வண்டி வருது."

"ஐயோ, தூக்கிக்கொண்டு போ! நீங்களே தின்னுங்கள்!"

"நாங்க தின்னக்கூடாதுன்னு உத்தரவாச்சே?"

"உத்தரவு ரத்து!"

"ரம்புத்தான், மங்குஸ்தானுக்கும் சேர்த்துங்களா?"

"எல்லாவற்றுக்கும்!"

பவுனாயி கைதட்டினாள். வேலிக்குப் பின்னால் பிள்ளைகள் வெறுங்கூடைகளோடு தயாராகக் காத்திருந்தார்கள்.