வேலியில் மாட்டியவர்

மலைமேல் இருக்கும் இருளர் ஊருக்குத் திட்ட அதிகாரி தணிகாசலம் ஜீப்பில் வந்தார். பின்னாலேயே ஒரு லாரி நிறைய முள்கம்பியும் வந்தது. ஊர் இளைஞர்கள் சங்கம் வைத்துக் காத்துவரும் கோயில்காட்டைச் சுற்றி வேலி போடப் போகிறாராம்.

சங்கத்துத் தலைவி மருதி, காலேஜில் படிக்கிற பெண். "முள்கம்பி கட்டினா மானும் பன்னியும் மாட்டிக்கும் சார். எங்க வேலியே போதும்" என்றாள்.

"உங்க வேலியா? எங்கே, காட்டு பார்க்கலாம்! காட்டிட்டா லாரியைத் திருப்பிடறேன்."

"காட்டுக்குள்ள ஒரு சுள்ளி எடுத்துக்கிட்டு உங்க ஊருக்குக் கிளம்புங்க சார். தானா தெரியும்."

அதிகாரி சிரித்துக்கொண்டே ஒரு காய்ந்த சுள்ளியோடு வெளியே வந்தார். யாரும் தடுக்கவில்லை. டீக்கடையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, ஆனால் கடைக்காரம்மா "டீ இல்லைங்க" என்றாள். காலையில் கும்பிட்டவர்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜீப் டிரைவர் ரங்கன் இதே ஊர்க்காரன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"வண்டி ரிப்பேரா?"

"இல்லைங்க."

"அப்புறம் என்னய்யா?"

ரங்கன் துண்டை எடுத்து ஜீப்பைத் துடைக்க ஆரம்பித்தான்.

தணிகாசலத்துக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. கையிலிருந்த சுள்ளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிப் போய், எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு வந்தார்.

ரங்கன் ஜீப்பை ஸ்டார்ட் செய்தான். ஜன்னல் வழியாகச் சுடச்சுட டீயும் வந்தது.

"திருப்பி வைக்கச் சொல்லி யார் சார் சொன்னது?" என்று கேட்டாள் மருதி.

"யாரும் சொல்லலையேம்மா..."

"அதான் சார் எங்க வேலி. மான் மாட்டல, பன்னி மாட்டல, நீங்கதான் மாட்டினீங்க."

லாரி திரும்பியது.