விரால் குஞ்சுக்குச் சிவப்பு வந்த கதை

மீன் பேசினால் மனிதருக்கும் மனிதர் பேசினால் மீனுக்கும் புரிந்த அந்தக் காலத்தில், விரால் குஞ்சுகள் சிவப்பாக இருந்ததில்லை. மற்ற மீன் குஞ்சுகளைப் போலவே கலங்கல் தண்ணீரின் நிறத்தில்தான் இருந்தன. முட்டையிட்ட மீன் திரும்பிப் பார்க்கும் வழக்கமும் கிடையாது. கெண்டை இட்டது, போனது. விராலும் இட்டது, போனது.

ஒரு கண்மாயில் ஒரு விரால் ஜோடி இருந்தது. மழை இறங்கிப் புதுத்தண்ணீர் வந்ததும் இரண்டும் கோரையை விலக்கி வட்டமாக இடம் செய்தன. பெண் விரால் அங்கே முட்டையிட்டது.

"பொரிச்சுப் பெருசாகுற வரைக்கும் இங்கேயே கெடப்போமா?" என்று கேட்டது.

"நல்லாருக்கே! முட்டைக்கு எவன் காவல் கெடந்தான்? தண்ணி பாத்துக்கிரும், வா" என்றது ஆண் விரால்.

அதற்கு எப்போதும் வயிற்று நினைப்புதான். அடுத்த மீன் குஞ்சுகளை அள்ளி விழுங்குவதில் அந்தக் கண்மாயிலேயே அதை மிஞ்ச ஆள் இல்லை. பெண் விரால் மனசில்லாமல் பின்னால் போனது.

பிறகொரு நாள் ஆண் விரால் தனியாக இரைக்குக் காத்துக் கிடந்தது. தண்ணீர் சேறாகக் கலங்கியிருந்தது. குஞ்சுக் கூட்டம் ஒன்று எதிரே வந்தது. விராலின் நிழலைக் கண்டாலே சிதறி ஓட வேண்டியவை, ஓடவில்லை. நேராக அதன் முகத்துக்கே வந்தன. அலைச்சல் மிச்சம் என்று விரால் வாயைத் திறந்தது.

சற்று நேரத்தில் பெண் விரால் அங்கே வந்து, "என்ன கெடச்சுச்சு?" என்று கேட்டது.

"ஏதோ குஞ்சுக. புத்தி கெட்டதுக, ஓடக்கூடத் தெரியல. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வந்துச்சுக."

"ஓடலையா?"

"ஓடல."

பெண் விரால் அப்படியே நின்றுவிட்டது. "நம்மளக் கண்டு ஓடாத குஞ்சு இந்தக் கண்மாயில எதுங்க? அப்பன்னு தெரிஞ்சுல்ல வந்துருக்குக" என்றது.

ஆண் விரால் கக்கிப் பார்த்தது. ஒன்றும் உயிரோடு வரவில்லை. பாவி, அதற்கும் பெற்ற மனசுதானே, துடித்துப்போனது.

கூட்டத்தில் பின்தங்கிய கொஞ்சம் குஞ்சுகள் கோரையடியில் இருந்தன. இத்தனைக்குப் பிறகும் அவை அப்பனை நோக்கியே நீந்தி வந்தன. அது பதறி விலகியது.

"என்கிட்ட விடாத. கலங்கல்ல எனக்கு அடையாளம் தெரியாது. இந்த வாயி மறுபடியும் தொறக்கும்."

பெண் விரால் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு செம்மண் கரைந்து இறங்கும் ஓடைக்குப் போனது. நிறம் ஊறி உடம்பெல்லாம் சிவக்கும்வரை அங்கேயே அவற்றைப் புரள விட்டது.

"இனிமே தெரியலன்னு சொல்ல முடியாது. கீழ நின்னு காவல் பாருங்க" என்று கொண்டுவந்து ஒப்படைத்தது.

குஞ்சுகள் மேலே செந்திரளாக நீந்த, ஆண் விரால் கீழேயே நின்றது. இரை தேடவில்லை. கிட்ட வந்த தவளையை, பாம்பை, எல்லாவற்றையும் முட்டி விரட்டியது.

அங்கே மீன் பிடிக்க வந்தான் சடையாண்டி. அடியில்லாத மூங்கில் கூடை போன்ற ஊத்தாவைச் செந்திரளின் மேல் அமுக்கி, மேல்வாய் வழியே கைவிட்டான். விரால் கையில் சிக்கியது. அசையவே இல்லை.

"என்னப்பா, விரால் துள்ளாமக் கெடக்கு? சீக்கா?" என்றான்.

"துள்ளுனா பிள்ளைகளுக்கு அடிபடும்" என்றது விரால். "ஏற்கெனவே பாதிக்கு மேல நானே தின்னுட்டேன். இதுகளாவது பொழைக்கட்டும். செவப்பு மாறுனதும் வா, நானே வாரேன்."

சடையாண்டி வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன. கையை எடுத்தான், ஊத்தாவைத் தூக்கினான், கரையேறிப் போய்விட்டான்.

அன்று தொட்டுத்தான் விரால் குஞ்சுகள் சிவப்பாகத் திரள்கின்றன, பெற்றவை கீழே காவல் நிற்கின்றன, விவரம் தெரிந்தவர்கள் அந்தத் திரளில் ஊத்தா போடுவதில்லை. குஞ்சுகளின் சிவப்பு மறைந்து உடம்பு கறுக்கத் தொடங்கியதும், அப்பன் விரால் அவற்றை விட்டு வெகுதூரம் போய்விடுவதும் அன்று முதல்தான். தன் வாயை அது இன்னும் நம்பவில்லை.