சகாயராணியின் இடது மூக்கு

“எத்தனை தடவை கழுவினாலும் மறுபடி சீழ் வருது மேடம்” என்றார் தணிகாசலம்.

அவர் தலை நரைத்த பல் டாக்டர். கிளினிக்கை மகளிடம் விட்டுவிட்டு, மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்கிற வேலையைப் படிக்க வந்திருந்தார்.

சொல்லித் தருகிறவர் மூக்கு டாக்டர் மங்கையர்க்கரசி. வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர்.

“எந்தப் பக்கம் சார்?”

“இடது பக்கம் மட்டும்.”

“எங்கேயிருந்து வருது?”

“கன்னத்துக்குள்ள இருக்கிற சைனஸ் அறையிலேருந்து.”

“அந்த அறைக்கு எங்கேயிருந்து வருது?”

“அதுக்கு அப்புறம் என்ன இருக்கு மேடம்? மூக்கு அங்கேயே முடிஞ்சுபோச்சே.”

மங்கையர்க்கரசி நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

அதில் சகாயராணி உட்கார்ந்திருந்தாள். கடற்கரை ஊர்க்காரி. அவளுடைய கைக்குழந்தை, கதவோரம் புருஷன் இருதயராஜின் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்தது.

“பிள்ளை உங்களைத்தான் தேடுது. வாங்கிக்கங்களேன்” என்றார் தணிகாசலம்.

“வேண்டாம் டாக்டர். எம் மூச்சு நாறுது. பாலு குடுக்கையிலகூட மூஞ்சியத் திருப்பிக்கிடுதேன். பெத்ததுலேருந்து எம் பிள்ள வாசனைய நான் அறியல்ல. எத மோந்தாலும் அழுகின வீச்சந்தான்.”

“நாறலன்னு நானுந்தான் சொல்லுதேன். கேட்டாத்தானே” என்றான் இருதயராஜ்.

“நீங்க கருவாட்டையே நாறலன்னு சொல்லுத ஆளு.”

மங்கையர்க்கரசி எழுந்தார். தணிகாசலத்தின் கையிலிருந்த எண்டோஸ்கோப்பை வாங்கி மாட்டி வைத்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தார்.

பல் பார்க்கிற சின்னக் கண்ணாடி.

“இது எதுக்கு மேடம்? இந்த வேலைய விட்டுட்டுத்தானே உங்ககிட்ட வந்தேன்.”

“யாரு விடச் சொன்னா?”

அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் திரும்பினார்.

“வாயைத் திறங்கம்மா.”

மேல் வரிசை. இடது கடைவாய். சிமெண்ட் வைத்து அடைத்த ஒரு பல். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கண்ணாடிக் காம்பால் அதை லேசாகத் தட்டினார்.

சகாயராணியின் தோள் துள்ளியது.

“அது சும்மா கெடந்த பல்லு டாக்டர். அடைச்சு வருசக்கணக்காச்சு. அதுவா எம் மூக்க நாறடிக்கு?”

ஸ்கேன் எடுத்தார்கள். சைனஸ் அறையின் தரையைத் துளைத்துக்கொண்டு, பலகையில் மேலே வந்துவிட்ட ஆணி மாதிரி, அந்தப் பல்லின் வேர் நின்றது.

“எண்டோஸ்கோப்பை இன்னைக்கு நான் பிடிக்கவா மேடம்?” என்று ஆபரேஷன் அன்று தணிகாசலம் கேட்டார்.

“நீங்க கீழே. நான் மேலே.”

சகாயராணி மயக்கத்தில் இருந்தாள். மங்கையர்க்கரசி மூக்கு வழியாகப் போய் சைனஸின் அடைபட்ட வாசலை அகலமாக்கினார். சீழை உறிஞ்சி எடுத்தார். திரையில் வேர் தெரிந்தது.

“ம், இழுங்க சார்.”

தணிகாசலம் வாய்க்குள் குறடைப் போட்டார். திரையில் வேர் ஆடியது. இன்னும் ஆடியது. சட்டென்று காணாமல் போனது.

வேர் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியாக, தணிகாசலம் நெற்றியில் கட்டியிருந்த விளக்கின் வெளிச்சம் கீழேயிருந்து மேலே வந்தது.

மாஸ்க்குக்குள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

“இப்ப பிடிங்க” என்று மங்கையர்க்கரசி எண்டோஸ்கோப்பை நீட்டினார்.

தணிகாசலம் பிடித்தார். அறையை மூலை மூலையாகக் கழுவினார். தண்ணீர் தெளிவாக வந்தது. கீழே ஈறை இழுத்து ஓட்டையை மூடித் தைத்தார்.

அடுத்த மாதம் சகாயராணி வந்தாள். பின்னாலேயே குழந்தையோடு இருதயராஜ்.

தணிகாசலம் அவசரமாக எண்டோஸ்கோப்பை எடுத்தார். மங்கையர்க்கரசி அவர் கைமேல் கை வைத்தார்.

“உள்ளே பாக்காம, சரியாப்போச்சான்னு எப்படித் தெரியும் மேடம்?”

மங்கையர்க்கரசி கதவுப் பக்கம் தாடையை அசைத்தார்.

சகாயராணி புருஷனிடமிருந்து குழந்தையை வாங்கினாள். உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். எடுக்கவே இல்லை. அப்படியே நின்றாள்.

ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

“பிள்ளைக்கு என்னைக்குத் தலைக்கு ஊத்துனிய?”

“நேத்துதான்.”

“பொய் சொல்லாதிய. பாலு புளிச்ச வாடை அடிக்கு.”