காத்தாயி கொறித்த தேக்குக் கட்டை

மலையடிக் குளத்தின் மேட்டுக்கரையில் காத்தாயி என்றொரு முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு வளை தோண்டிக் குடியிருந்தாள். விசாலமான வளை. அதன்மேல் ஒரு நரிக்கு வெகுநாளாகக் கண்.

வருடா வருடம் வெயில் ஏறிக்கொண்டே போனது. குளம் வற்றித் தரை பாளம் பாளமாக வெடித்தது. வளைக்குள் அனல். குட்டிகள் சோர்ந்து கிடப்பதைப் பார்த்துப் பெற்றவள் பதறினாள்.

நரி விடுவானா? குளத்தின் நடுவே, மண் இளகலாக இருந்த இடத்தில் ஒரு குழி பறித்துவிட்டு வந்து நின்றான்.

"தங்கச்சி, இனி எந்தக் காலத்திலும் வெயில்தான். குளத்துக்குத் தண்ணி வராது. என் குழி சில்லுன்னு இருக்கு, குட்டிகளோட அங்கே போயிடு. இந்த அடுப்புக்குள்ளே நான் வெந்துக்கிறேன்!"

ஆகா, என்ன தியாகம்! காத்தாயியும் அரைமனதாகச் சரி என்றுவிட்டாள்.

கிளம்புமுன் பல் தேய்க்கப் போனாள். முள்ளம்பன்றிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். கட்டையைக் கொறித்தால்தான் தேயும். முந்தின வருடம் காற்றில் ஒடிந்த கிழட்டுத் தேக்கின் அடிக்கட்டை வளைக்குப் பக்கத்திலேயே இருந்தது. மரம் வருடத்துக்கு ஒரு வளையம் போடும். குளிர்ந்த வருடத்தில் அகலமாக, காய்ந்த வருடத்தில் ஒல்லியாக. கொறிக்கிற சாதிக்கு இது தெரியாதா என்ன?

எப்போதும் ஓரத்தைக் கொறித்துவிட்டு வந்துவிடுவாள். அன்று கவலையில் கொறித்துக்கொண்டே உள்ளே போனாள். ஓரத்து வளையங்கள் ஒல்லி, நெருக்கம். இந்த வெயில்தான். அதற்கு உள்ளே அகலம் அகலமாக வந்தன. இன்னும் உள்ளே மறுபடி நெருக்கம். அப்புறம் மறுபடி அகலம். அட, இந்த வெயில் முன்பும் வந்துவிட்டுப் போயிருக்கிறது!

நேரே நரியிடம் போனாள். "வளையை மாத்தலை அண்ணே. ஆழமாக்கிக்கிறேன்."

ஈரமண் தட்டும்வரை தோண்டினாள். குட்டிகள் பிழைத்துக்கொண்டன. நரி அவளைப் பைத்தியக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத் தன் குழியிலேயே சுகமாகப் படுத்தான். குளத்துக்கு இனித் தண்ணீர் வராது என்று சொல்லிச் சொல்லித் தன் பொய்யைத் தானே நம்பியும்விட்டான்.

சில வருடத்தில் காலம் குளிர்ந்தது. மழை நின்று நிதானமாகப் பெய்து குளம் நிரம்பியது. தூக்கத்திலேயே தண்ணீரில் மூழ்கப் பார்த்த நரி, நீந்திக் கரையேறி, காத்தாயி வாசலில் வெடவெடவென்று நின்றான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"உள்ளே வாங்க அண்ணே. முள்ளு குத்தாம ஒதுங்கி உட்காருங்க."

வெளியே மழை. உள்ளே எல்லோருக்கும் நல்ல தூக்கம், ஒடுங்கி உட்கார்ந்திருந்த நரியைத் தவிர.

கண்ட நாலு வருடத்தை வைத்துக் காலத்தையே அளப்பவன், காணாத வருடத்தில் நனைவான்.