பானட்டில் ஒட்டிய நூல்

எங்க வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு ஒரு குரு உண்டு. பேர் சுகந்தி. ரேலிப் போட்டிக்குப் போற கார்களுக்கு இன்ஜின் செட் பண்ணுறவ. வயசுல இவரைவிட ரொம்பச் சின்னவ. இவர் "அம்மிணி"ன்னு கூப்பிடுவார், அவ "அண்ணா"ங்குவா. ஆனா அவ பேசினா இவர் கை கட்டிக்கிட்டுத்தான் நிப்பார். நான் பேசி ஒருநாளும் அப்படி நின்னதில்லை.

பழைய கார் ஒண்ணை வாங்கி, வீட்டு ஷெட்லயே ரேலி வண்டியா மாத்தினார். இன்ஜினை மூடுற பானட்டை மட்டும் அவரே தகடு தட்டிச் செஞ்சார். முகம் பாக்கலாம், அப்படி ஒரு பாலிஷ். ஆனா ஓட ஓட இன்ஜின் கொதிச்சு, பெட்ரோல் ஆவியாகி, பாதி வழியில வண்டி நின்னுரும். போட்டிக்குப் போனப்பெல்லாம் இதே கதை. பக்கத்து சீட்ல வழி சொல்ல உக்காந்த நான் நடந்துதான் திரும்பி வந்தேன். இந்த ஞாயித்துக்கிழமைப் போட்டியிலயும் நின்னா வண்டியை வித்துடறேன்னு சொல்லிட்டார். சொன்ன அன்னிக்குச் சாப்பிடவே இல்லை.

பெரிய ரேடியேட்டர், கூட ஒரு ஃபேன், முன்னால ஓட்டைன்னு எல்லாம் பண்ணியாச்சு. கடைசியா, சூடு வெளிய போகட்டும்னு பானட்டோட பின்பக்கத்தை, முன் கண்ணாடி ஓரமா, வாஷர் வெச்சுத் தூக்கி விட்டார். வண்டியை நிறுத்தினா அந்தச் சந்து வழியா அனல் குபுகுபுன்னு வரும். இவருக்குப் பெருமை பிடிபடலை. ஓட்டினா மறுபடி கொதிக்குது.

"இன்னும் நான் என்னதான் பண்ணட்டும் அம்மிணி?"

சுகந்தி பானட்டைச் சுத்தி வந்து பார்த்தா. எங்கிட்ட கம்பளி நூல் கேட்டா. துண்டு துண்டா வெட்டி, ஒரு முனைக்கு மட்டும் டேப் போட்டு, பானட் முழுக்க ஒட்டினா. கல்யாண வண்டி மாதிரி இருக்குதுன்னு நான் சிரிச்சேன். வேகமா ஓட்டச் சொன்னா, நூலை மட்டும் பாக்கச் சொன்னா.

பைபாஸுக்குப் போனோம். வேகம் ஏற ஏற, கண்ணாடி ஓரத்து நூலெல்லாம் அந்தச் சந்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு. சூடு வெளிய வர வெச்ச வழியில காத்து உள்ள போயிட்டிருக்குது. முன்னால, ரேடியேட்டருக்குச் சித்தெ பின்னாடி ஒட்டின நூல் மட்டும், யாரோ மேல இருந்து பிடிச்சு இழுக்கிற மாதிரி எந்திரிச்சு நின்னு ஆடுச்சு. காத்து உள்ள இருந்து மேல இழுக்கிற இடம் அதுதான். இவர் அதையே பார்த்தார்.

வந்ததும் வாஷரைக் கழட்டினார். அப்புறம் கட்டரை எடுத்து, அந்த நூல் எந்திரிச்ச இடத்துல, சூடு வெளிய போக, பானட்டை நீளமா வெட்டினார். கண்ணு கலங்கியிருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை சூடு காட்டுற முள்ளு பாதியைத் தாண்டலை. கடைசிக் கோட்டைத் தாண்டி எங்க வண்டி ஓடியே வந்து நின்னுச்சு. நான் இறங்கி ஓடிப் போய் சுகந்தியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். என்ன பொண்ணுங்க இவ!

இவர் வெட்டின இடத்தைத் தடவிக்கிட்டே நின்னார்.

"எங்க வெட்டணும்னு உனக்கு முன்னயே தெரியும். அன்னிக்கே வாயால சொல்லியிருக்கலாமே அம்மிணி?"

"சொல்லியிருந்தா வெட்டியிருப்பீங்களாண்ணா?"