மாப்பிள்ளை அழைப்புக்கு வாங்கிய கார்

"டீச்சர், வண்டி நின்னுருது."

பால்வண்ணன் அண்ணாச்சி வாசலிலேயே நின்று அழாத குறையாகச் சொன்னார்.

சங்கரன்கோவிலில் மளிகைக் கடை வைத்திருப்பவர். போன வருஷம் எஸ்தர் டீச்சரின் டிரைவிங் ஸ்கூலில்தான் கார் ஓட்டப் படித்தார். டீச்சரைவிட வயதில் எவ்வளவோ மூத்தவர். ஆனாலும் டீச்சர் என்றால் அவருக்கு சாமிக்கு அடுத்தபடி.

"எந்த வண்டி?"

"எம்மக கோமதி கல்யாணத்துக்குன்னு வாங்கினேனே, மேல்மூடியை மடக்குற பழைய கார். நாளைக்கு சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும் அவர் அதுலதான் வரணும்."

"எப்ப நிக்குது?"

"வேகமா போனா போகுது. மெதுவாப் போனா சூடேறி நின்னுருது. நாதஸ்வரத்துக்குப் பின்னால மெதுவாத்தான டீச்சர் போகணும்?"

"என்னென்ன பாத்தீங்க?"

"பிளக், பாயின்ட், காயில் எல்லாம் மாத்தியாச்சு. கார்புரேட்டரைக் கழுவியாச்சு. முன்னால எலுமிச்சம்பழமும் கட்டியாச்சு."

"எதை மாத்தினப்போ எது சரியாச்சு?"

"யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

வாசலில் நின்ற காரில் டீச்சர் ஏறி உட்கார்ந்தார். சோக் குமிழ் முழுக்க வெளியே இழுத்தபடி இருந்தது.

"இதை ஏன் இழுத்தே வச்சிருக்கீங்க?"

"காலையில அதை இழுத்தாத்தான் ஸ்டார்ட் ஆகுது. உள்ள தள்ளினா நின்னுருமோன்னு பயந்து அப்படியே விட்டுட்டேன்."

"அண்ணாச்சி, அது குளிர்ந்த எஞ்சினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் கூட்டிக் குடுக்கறதுக்கு. நாள் பூரா ஊட்டினா எந்தப் பிள்ளைக்கும் வயிறு கெட்டுத்தான் போகும்."

குமிழை உள்ளே தள்ளினார். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. துடைத்து மாட்டினார். காற்றாடி பெல்ட் தொளதொளவென்று கிடந்தது. இறுக்கினார். எஞ்சினில் இருந்த பெட்ரோல் பம்பின் மேல், சூடேறாமல் இருக்க, ஈரத்துணியைச் சுற்றினார்.

"நாதஸ்வரக்காரர் மாதிரி முன்னால நடங்க."

அண்ணாச்சி நடந்தார். டீச்சர் பின்னாலேயே ஓட்டினார். ரத வீதிகளைச் சுற்றி வந்தார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

அண்ணாச்சி முகத்தில் மட்டும் வெளிச்சம் இல்லை.

"இன்னைக்கு நிக்கல. நாளைக்கு நின்னா?"

"நின்னா என்ன ஆகும்?"

"அபசகுனம்பாங்க."

"யாரு?"

"மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க."

"மாப்பிள்ளை என்ன சொல்வார்?"



"தெரியலையே டீச்சர். நகை எவ்வளவுன்னு கேக்கல, பண்டபாத்திரம் என்னன்னு கேக்கல. எப்பப் பாத்தாலும் சிரிச்ச முகம். சிரிச்சுக்கிட்டே இருக்கற மனுஷனை என்னத்தைக் கண்டோம்? கோபம் வந்தா எப்படி இருப்பாரோ, யாருக்குத் தெரியும்? எனக்கு ஒத்தப் பிள்ளை. ராத்திரி கண்ணை மூட முடியல."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஓ" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அண்ணாச்சிக்கு ஸ்டியரிங்கைத் தொடவே பயம். "நீங்களே ஓட்டிருங்க டீச்சர்" என்று கும்பிட்டார். டீச்சர் ஓட்டினார். பின் சீட்டில் மாப்பிள்ளை ஆவுடையப்பன், கழுத்து கொள்ளாத மாலையோடு. அண்ணாச்சி காருக்குப் பக்கத்திலேயே நடந்தார். மாப்பிள்ளையை அவர் பார்க்கவில்லை. பானெட்டைத்தான் பார்த்துக்கொண்டே வந்தார்.

தெற்கு ரத வீதித் திருப்பத்தில் வண்டி நின்றுவிட்டது.

நாதஸ்வரமும் நின்றது.



மாப்பிள்ளையின் சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "மாப்பிள்ளை ஏறின வண்டி நடுத்தெருவுல நிக்கே! இது நல்லதுக்கா? ஓட்டை வண்டியைக் கொண்டாந்து எங்களை அவமானப்படுத்துறீங்களாய்யா?"

"மன்னிச்சுக்கிடுங்க. ஐயா, மன்னிச்சுக்கிடுங்க." அண்ணாச்சி யாரைக் கும்பிடுகிறோம் என்று தெரியாமல் எல்லோரையும் கும்பிட்டார்.

காரின் கதவு திறந்தது. மாப்பிள்ளை இறங்கினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் அண்ணாச்சி.

மாப்பிள்ளை மாலையைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

"மாமா, இதைக் கொஞ்சம் பிடிங்க."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சித்தப்பா, ஏசுறதை அப்புறமா ஏசுங்க. இப்ப அந்தப் பக்கம் கை குடுங்க. எலே, நீங்களும் வாங்கலே!"

அண்ணாச்சி தானும் தள்ள ஓடினார். மாப்பிள்ளை அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்க எங்க போறீங்க? முகமே வெளிறிக் கிடக்கு. சாப்பிட்டீங்களா இல்லையா? ஏறி உக்காருங்க மாமா."

முன் கதவைத் திறந்து அவரை உட்கார வைத்துவிட்டுத்தான் பின்னால் போனார்.

நாதஸ்வரம் மறுபடி எழுந்தது. வண்டி மெல்ல நகர்ந்தது.

மடியில் மாலையோடு அண்ணாச்சி டீச்சர் பக்கம் குனிந்தார்.

"டீச்சர், என்ன கோளாறு?"

டீச்சர் உள்ளங்கையை விரித்தார். திருப்பத்தில் அவரே கழற்றிய கார்ச் சாவி.

"ஸ்டார்ட் பண்ணட்டுமா?"

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். வியர்த்து வழிய, சித்தப்பாவையும் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு மாப்பிள்ளை தள்ளிக்கொண்டிருந்தார். அண்ணாச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இந்தத் தெரு முடியட்டும் டீச்சர்."